சிப்பிகளுக்கு எடுத்த ரோல்கால்

குளத்தில் ஏதாவது சாகத் தொடங்கினால் இனி, படிப்பு முடித்து வெளியே போகிற உங்களுக்குத்தான் போன் வரும். இறாலோ சிப்பியோ, எதுவானாலும் எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன மருந்து போடணும்?" என்ன நோய் என்று முதலில் கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, நமக்கும் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒன்றும் போடாதீர்கள் என்று சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும். அந்தச் சோதனை எனக்கு வேலை பார்த்த காலத்தில் வரவில்லை. ஓய்வு பெற்று, சொந்த ஊரான தென்காசிக்கு வந்து, இனி யார் குளத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்த பிறகு வந்தது.

சிப்பி, நத்தை, இறால் என்று ஓடு போட்ட உயிர்களின் நோய்களோடுதான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. எல்லாம் கடலோரத்து ஆய்வுக்கூடங்கள். தென்காசிக்கு வந்ததும் சொந்தக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. "கடலே இல்லாத ஊர்ல ஒன் படிப்ப வச்சு என்ன செய்யப் போற? சீசனுக்கு அருவியில குளி, மிச்ச நாளு கோயிலுக்குப் போ" என்றார்கள். சிற்றாற்றுப் பாசனக் குளங்களின் சேற்றில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு சிப்பிகள் கிடப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவற்றையெல்லாம் ஒரு பொருட்டாக யாரும் நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த நன்னீர்ச் சிப்பிகளில் முத்து வளர்க்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சிப்பியை விரல் நுழையும் அளவு மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் மெல்லிய சதையில் சிறு கீறல் போட்டு, ஒரு மணியை உள்ளே வைத்து மூட வேண்டும். பிறகு நைலான் வலைப் பையில் போட்டு, குளத்தில் மூங்கிலிலிருந்து தொங்கவிட வேண்டும். சிப்பி பிழைத்தால் அந்த மணியைச் சுற்றிப் பூச்சு ஏற்றும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். புண் ஆறாமல் செத்துப்போனால், வைத்தவர் கை சரியில்லை என்று பேச்சு வரும்.

மாரிச்செல்விக்கு அந்தப் பேச்சுதான் வந்தது. நான் எப்போதாவது வகுப்பெடுக்கும் முத்து வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்கு வந்திருந்த பெண் அவள். வாசுதேவநல்லூரில் பிறந்து, இலஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் ராணுவத்தில், வடக்கே எல்லையில். மாமனார் வேலுச்சாமியும் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். மாமியார் பேச்சியம்மாள். வயலை ஒட்டிக் குளம் வெட்டி, அந்த வீட்டின் முத்து வளர்ப்பையே மாரிச்செல்வியின் விரல்களை நம்பித்தான் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் காலையில் போன் செய்தாள்.

"மேடம், எங்க குளத்துல சிப்பி தினம் செத்துக்கிட்டே இருக்கு. என் கைதான் காரணம்னு வீட்ல சொல்லுதாவ. இன்னைக்கு மத்தியானம் மருந்து வருது. அதுக்கு முன்னால ஒரு தடவ வந்து பாருங்க. என் கைதான் காரணம்னா நீங்களே வீட்ல சொல்லிருங்க. நான் விட்டுருதேன்."

அழுகையெல்லாம் இல்லை. அந்த "விட்டுருதேன்" மட்டும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பயிற்சியில் அவள் கீறல் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கை. ஆனால் பயிற்சியில் நல்ல கை அவள் மணி வைக்கும் வயற்காட்டு பம்ப்செட் அறையிலும் நல்ல கையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் கிடந்த மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம். குற்றாலம் ரோடு முழுக்க வேன்கள், ஜன்னலுக்கு ஜன்னல் ஈரத் துண்டு. இலஞ்சியில் போய் இறங்கியபோது குளத்துக் கரையில் அந்த வீட்டின் காலை வழக்கம் நடந்துகொண்டிருந்தது. நான் இதுவரை எந்தப் பண்ணையிலும் பார்க்காத வழக்கம் அது.

இரண்டு ஆட்கள் தண்ணீரில் நின்று வலைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கரைக்குக் கொடுக்கிறார்கள். பையிலிருக்கும் சிப்பிகளை அலுமினியச் சட்டியில் கொட்டுகிறார்கள். கான்வாஸ் ஷூவும் அரைக்கால் சட்டையுமாக பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வேலுச்சாமி அண்ணாச்சி, ஒவ்வொரு சிப்பியையும் கையில் எடுத்து மோட்டார் சைக்கிள் சாவியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். தட்டியதும் அது ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டால் "ப்ரெசென்ட்" என்று சொல்லி மறுபடி பைக்குள் போடுகிறார். மூடாமல் வாயைப் பிளந்து கிடந்தால் ஒன்றும் சொல்வதில்லை, தனியே வைக்கிறார். நடுவில் ஒருவர் போனில் வீடியோ வேறு எடுக்கிறார், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப.

"வாங்க மேடம், ரோல்கால் முடியப் போவுது" என்றார் என்னைப் பார்த்து. "பட்டாளத்துல ஒருநாள்கூட ரோல்கால் எடுக்காம நான் சோறு தின்னதில்ல. ஆளு இருக்கானா போயிட்டானான்னு தெரியாம எப்படி இருக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். தனியே வைத்திருந்த பிளந்த சிப்பிகளை அவர் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. அவர் செய்ததில் நியாயமும் இருந்தது. செத்த சிப்பியை எடுக்காமல் விட்டால் அது அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறோம். அண்ணாச்சியின் அகராதியில் அவ்வப்போது என்றால் தினமும். சீசன் தொடங்கியதிலிருந்து சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. அருவியில் குளிக்க வந்த சொந்தபந்தமெல்லாம் திரும்பும் வழியில் முத்துக் குளத்தைப் பார்க்க வருவார்களாம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஒரு பையைத் தூக்கிக் காட்டுவார், அவர்களும் தட்டிப் பார்ப்பார்கள்.

பேச்சியம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். மருமகள் பக்கத்தில் நிற்கிறாள் என்று தயங்கவெல்லாம் இல்லை.

"நான் ஒண்ணும் வஞ்சகமாச் சொல்லல மேடம். இவ கை வச்சதுதான் சாவுது. கை வைக்காத சிப்பி இந்தப் பக்கத்துக் குளத்துலயெல்லாம் எத்தனையோ காலமா உசுரோடதான் கெடக்கு. அப்போ என்ன அர்த்தம்?"

நான் எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் ஒரு வாதத்தை அங்கே கேட்டது குறைவு. மாரிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரைச் சோதித்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. செத்த சிப்பிகளைத் திறந்து பார்த்தேன். கீறல் போட்ட இடம் மூடவே இல்லை. உதடு பிரிந்த மாதிரி அப்படியே இருந்தது. உயிரோடு இருந்த ஒன்றைத் திறந்தேன், அதிலும் அப்படித்தான். உங்களில் யார் பார்த்தாலும் என்ன எழுதியிருப்பீர்கள்? அறுவையில் பழுது, தொற்று, மருந்து தேவை. நானும் எழுதியிருப்பேன். ஆனால் அந்தக் கீறல் சுத்தமான கீறல். ஓரம் கிழியவில்லை, அழுக்கு இல்லை. நல்ல கீறல் ஏன் ஆறவில்லை? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பம்ப்செட் அறைக்குள் போய் மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். ரோல்காலில் அப்போதுதான் "ப்ரெசென்ட்" சொன்ன சிப்பி ஒன்றின் தசைக்குள் மெல்லிய ஊசியை விட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன்.

சிப்பியின் ரத்தம் சிவப்பில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி லேசாக மங்கியிருக்கும். அதில் மிதக்கும் அணுக்கள்தான் அதற்குச் சகலமும். காவல் அவைதான், கிருமியை விழுங்குவது அவைதான், புண் வாயை வந்து அடைப்பதும் அவைதான். நம்மைப் போல வந்த நோயைப் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் அதற்குக் கிடையாது. நல்ல நிலையில் இருக்கும் அணுவைக் கண்ணாடித் தகட்டில் விட்டால், சற்று நேரத்தில் ஒட்டிக்கொண்டு, நாலா பக்கமும் கால் நீட்டிப் பரவும். அண்ணாச்சியின் சிப்பியில் எடுத்த அணுக்கள் பரவவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் உருண்டை உருண்டையாகச் சும்மா கிடந்தன.

அந்த உருண்டைகளை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், கடலோர ஆய்வுக்கூடத்தில், கால் நீட்டிப் பரவிக்கிடந்த சிப்பி அணுக்களின் மேல் நார்அட்ரினலின் கலந்த நீரை ஒரு சொட்டு விட்டேன். எதிரே லாரி வந்தால் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அப்போது நம் உடம்பில் ஊறுகிற அதே பொருள்தான். மனிதனுக்கும் நாய்க்கும் குதிரைக்கும் சரி, இந்தச் சிப்பிக்கு இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற அலட்சியத்தோடுதான் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அணுக்கள் ஒவ்வொன்றாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டன. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அதற்குத் தலை கிடையாது. மூளை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கிடையாது, நரம்பு முடிச்சுகள் மூன்று ஜோடி, அவ்வளவுதான். அதைக் குலுக்கினால், தட்டினால், தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால், நரம்பிலிருந்து அந்தப் பொருள் ரத்தத்தில் இறங்குகிறது. ரத்த அணுக்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்கின்றன. இப்போது ஓட்டை இறுக்கி மூடிப் பிழைக்கிற வேலை இருக்கிறது, உங்கள் வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்கிற மாதிரி ஒரு செய்தி. தொந்தரவு நின்றதும் வேறு செய்திகள் போகின்றன. அணுக்கள் மறுபடி காலை நீட்டுகின்றன. கொஞ்ச நேரம் முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூட வேலை செய்து, பிறகு பழைய நிலைக்கு வருகின்றன. ஒரு அதிர்ச்சியை அது தாங்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடே. மீண்டு வருவதற்குள் அடுத்த அதிர்ச்சி, அதற்குள் அடுத்தது என்றால் அந்த ஏற்பாடு என்ன செய்யும்? இதைப் பயம் என்று சொல்லக் கூடாது, பயம் என்பது நம்முடைய சொல் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சேற்றில் கிடக்கும் அந்த ஊமை ஜீவனும் நானும் திடுக்கிட்டால் ஒரே மருந்தைத்தான் உடம்பில் ஊற்றிக்கொள்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம், இத்தனை வயதுக்குப் பிறகும், எனக்கு வாயடைத்துத்தான் போகிறது.

பம்ப்செட் அறையில் உருண்டைகளைப் பார்த்ததும் எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அணுக்கள் சுருண்டு கிடக்கக் கிருமித் தொற்றும் காரணமாகலாம். தட்டாத சிப்பி ஒன்று வேண்டும், அதுவும் மாரிச்செல்வி மணி வைத்ததாக இருக்க வேண்டும். "தினம் தூக்காத பை ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்தா, அந்த மூலையில ரெண்டு மூணு கெடக்கு மேடம். இடம் பத்தாம அங்கன கட்டுனது. மழைக்கு அப்புறம் சேறாயிட்டு, வழுக்குதுன்னு ஆளுக எறங்க மாட்டேங்காவ. மாமாவுக்கு முட்டுவலி. எல்லாம் நான் ஒரே சமயத்துல வச்சதுதான்."

"அதுல பாதிக்கு மேல செத்துத்தான் கெடக்கும்" என்றார் பேச்சியம்மாள்.

அப்படிக் கிடந்தால் மாரிச்செல்வியின் கதை முடிந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள், பார்க்கலாமா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அந்தப் பையைக் கரைக்குக் கொண்டுவந்து, சட்டியில் கொட்டி, அறைக்குத் தூக்கிப்போய் ரத்தம் எடுத்தால், நாம் கொடுத்த அதிர்ச்சியையே நாம் அளந்துகொண்டிருப்போம். தண்ணீருக்குள்ளேயே, பையைக் குலுக்காமல், கையில் எடுத்த மாத்திரத்தில் ஊசி போட்டாக வேண்டும். என் வயதுக்கு அந்தச் சேற்றில் இறங்க முடியாது. ஊசியை அவளிடம் கொடுத்தேன்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கரையில் மாமனார், மாமியார், வேலையாட்கள், நான். இத்தனை கண்ணும் ஒரு விரலையே பார்த்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? முதலில் நடுங்கத்தான் செய்தது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். பையின் வாயைத் தண்ணீருக்குள் வைத்தே தளர்த்தி, கையை விட்டு ஒன்றை எடுத்து, ஓடு மூடிக்கொள்ளும் முன் ஊசியை உள்ளே விட்டு இழுத்துவிட்டாள். நான் என் காலத்தில் எத்தனையோ பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவ்வளவு நறுவிசாகச் செய்தவர்கள் சிலர்தான். இன்னும் இரண்டு சிப்பிகளிலும் எடுத்து, அந்த மூன்றையும் கையோடு கொண்டு கரையேறினாள். பையில் பிளந்து கிடந்தது ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றாள்.

தகட்டில் விட்டுக் காத்திருந்தோம். லென்ஸ் வழியாகப் பார்த்தபோது முதலில் ஓர் அணு ஓரத்தில் லேசாகக் கசிந்தது. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு எங்கே பார்த்தாலும். கால் நீட்டி, விரிந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தகடு முழுவதும் கோலம் போட்ட மாதிரி பரவிவிட்டன. ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே கை வைத்த மணி. நான் மைக்ரோஸ்கோப்பை மாரிச்செல்வி பக்கம் திருப்பினேன். பார்த்தவள் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு அந்தச் சிப்பிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தோம். கீறல் மூடி, தடம் மட்டும் வெளிறிய கோடாகத் தெரிந்தது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. நீங்களும் இந்த இடத்துக்கு வருவீர்கள், அதனால் சொல்கிறேன். கண்டுபிடிப்பது ஒரு திறமை, கண்டுபிடித்ததை அந்த வீட்டில் சொல்வது வேறொரு திறமை. தன் சிப்பிகள் மேல் அவ்வளவு பாசம் வைத்திருக்கிற மனிதரிடம், உங்கள் பாசம்தான் அவற்றைத் தின்கிறது என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொன்னேன். தட்டும்போதெல்லாம் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது, அணுக்கள் எப்படிச் சுருண்டுகொள்கின்றன, அதனால் புண் எப்படி ஆறாமல் போகிறது என்று எல்லாம் சொல்லி, அவரையும் இரண்டு தகட்டையும் பார்க்க வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "அப்போ நான்தான் கொன்னேனா மேடம்?" என்றார்.

"பாதுகாக்கத்தான் நினைச்சிய அண்ணாச்சி. சிப்பிக்கு அது தெரியாதுல்லா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வயல்வெளிப் பாதையில் டெம்போ வந்து நின்றது. பாவூர்சத்திரத்தில் மீன் மருந்து விற்கிற கடைக்காரர், கேன்களோடு. நல்ல மனிதர்தான், நம்பித்தான் கொண்டுவந்திருக்கிறார். "எறக்கவா அண்ணாச்சி?" என்று கேட்டார். வேலுச்சாமி அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

கையில் இருந்தது தட்டிய ஒன்று, தட்டாத மூன்று, ஆக நான்கே சிப்பிகளின் ரத்தம். ஆய்வுக்கூடத்தில் இதை வைத்து ஒரு வரிகூட எழுத மாட்டேன். முறைப்படி பார்த்தால் பாதிப் பைகளைத் தினமும் தட்ட விட்டு, பாதியை விட்டு வைத்து, எது எவ்வளவு சாகிறது என்று ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் எனக்குச் சந்தேகம் தீரும். அந்தப் பாதிக்கு விலை யார் கொடுப்பது? மாறாக, நான் நினைத்தது தப்பாகி, உண்மையிலேயே தொற்று பரவிக்கொண்டிருந்தால், மருந்து வேண்டாம் என்ற என் ஒரு சொல்லால் மிச்சமும் போகும். போனால் என்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் கையைத்தான் சொல்வார்கள். மருந்தை ஊற்றினால், கலக்குவதற்காகப் பைகளை எல்லாம் மறுபடி தூக்கியாக வேண்டும் என்பதை நினைத்தபோதுதான் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறக்க வேண்டாம்" என்றேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம். தூக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம்."

அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. "அப்போ இருக்கா செத்துப்போச்சான்னு எப்படி மேடம் தெரியும்?"

எனக்கு முன்னால் பேச்சியம்மாள் பதில் சொன்னார். "உங்க மவன் எல்லையில நிக்கான். சிக்னல் இல்லன்னா வாரக்கணக்குல போன் இல்ல. தினமும் போயா தட்டிப் பாக்கிய? இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத்தான இருக்கோம்."

அண்ணாச்சி டெம்போக்காரரிடம் கையை அசைத்தார், வண்டி திரும்பிப் போனது. பேச்சியம்மாள் மூடிய கீறல் தெரிகிற அந்தச் சிப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இவ வச்சதுதானா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்து வந்த நாட்களில் அண்ணாச்சி பட்ட பாட்டை மாரிச்செல்வி போனில் சொல்வாள். காலையில் காபி குடித்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கரைக்குப் போவாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாராம். சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவாராம். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் திடுக் திடுக்கென்றது.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "மேடம், நடு வரிசையில நாத்தம் வருது. மாமா கரையிலயே நிக்காவ. எல்லாத்தையும் தூக்கிப் பாத்துருவோம்ங்காவ. என்ன செய்ய?"

எல்லாவற்றையும் தூக்கினால் அத்தனை நாள் பொறுத்ததும் வீண். தூக்காமல் விட்டால் அழுகல் பரவும். அங்கே இல்லாமல் போனில் என்ன சொல்வது? "நீ என்ன நெனைக்க?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு பைதான் நாறுதுன்னு தோணுது. நான் மட்டும் எறங்கி, தண்ணிக்குள்ளயே தடவிப் பாத்து, பொளந்தத மட்டும் எடுத்துருதேன். மத்தத தொட மாட்டேன்" என்றாள்.

"செய்" என்றேன். அந்தப் பையில் செத்துக் கிடந்தவை முன்பே அணுக்கள் சுருண்டுபோனவையாக இருக்க வேண்டும். அவற்றை எடுத்த பிறகு நாற்றம் நின்றது. சாவும் நின்றது. எல்லாம் பிழைத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன், போனது போனதுதான். சீசன் முடியும் தறுவாயில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு பையைத் தண்ணீருக்குள்ளேயே தடவிப் பார்த்து, அதில் ஒரு சிப்பியை மட்டும் திறந்து பார்த்தார்கள். இருந்தவை இருந்தன, கீறல்கள் மூடியிருந்தன. மணியின் மேல் பூச்சு ஏற இன்னும் காலம் இருக்கிறது. அது என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். குளத்துக்குப் போனால் மாதிரி எடுக்கும் முன் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அங்கே தினமும் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கிருமியை நம்மால் வளர்த்துப் பார்க்க முடியும், பெயர் வைக்க முடியும். ஒரு சாவித் தட்டு ஓட்டுக்குள் புகுந்து, நரம்பில் ஏறி, ரத்தத்தில் இறங்கி, புண் வாய்வரை போய்ச் சேருவதை எந்த மருந்துக் கடைச் சோதனையும் காட்டாது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு தூரம் ஒரு செய்தி போகிறது என்ற மலைப்பு உங்களுக்கு இருந்தால்தான் அதைத் தேடத் தோன்றும்.

சில மாதங்கள் கழித்துச் சிவகிரிப் பக்கத்துக் குளத்திலிருந்து புதிய சிப்பிகள் எடுத்து வந்திருப்பதாகவும், அவற்றை நன்றாக இளைப்பாற விட்டு, இப்போது மணி வைக்கத் தொடங்கியிருப்பதாகவும் மாரிச்செல்வி சொன்னாள். அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு ஆசை. சொல்லாமல் கொள்ளாமல் இலஞ்சிக்குப் போய் இறங்கினேன்.

பம்ப்செட் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலை மறித்து நாற்காலி போட்டுப் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் அண்ணாச்சியும், மணி வைப்பதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரையும் உள்ளே விடவில்லை போலிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே போய்ச் செருப்பைக் கழற்றினேன்.

"உள்ள போவாதிய மேடம்" என்றார் பேச்சியம்மாள். "அவ வேலை செய்யுதா."

"நான்தானே, சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"நீங்களுந்தான். பக்கத்துல ஆளு நின்னா அவ கை நடுங்கும்" என்றார், எழுந்திருக்காமலே.

நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன்.